ஏரிக்கரையில் கேட்ட கேள்விகள்: கட்டுப்படியாகும் விலையில் ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவது எப்படி?

ஐப்பசி பிறந்துவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமைகள் வடுவூர் ஏரிக்கரையிலோ கோடியக்கரை உப்பளத்திலோ போய்விடும். ட்ரைபாடை விரித்து ஸ்கோப்பை மாட்டிய ஐந்தாவது நிமிடம் பக்கத்தில் யாராவது வந்து நிற்பார்கள். மாடு மேய்ப்பவர், கல்லூரிப் பிள்ளைகள், கேமராவோடு வந்தவர், பேரனைக் கூட்டிவந்த தாத்தா என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் போனிலும் அதையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

"சார், இது என்ன, கேமராவா?"

இல்லை. இதற்குப் பெயர் ஸ்பாட்டிங் ஸ்கோப். பகல் வெளிச்சத்தில் தூரத்தில் இருப்பதை நிதானமாகப் பார்ப்பதற்கான தொலைநோக்கி. ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும், ட்ரைபாடில் நிறுத்தித்தான் பார்க்க முடியும். வானத்தைப் பார்க்கும் தொலைநோக்கிகளில் படம் தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ தெரிவதுண்டு. இதற்குள் இருக்கும் முப்பட்டகம் படத்தை நேராக்கிவிடும். துப்பாக்கிமேல் பொருத்தும் ஸ்கோப் வேறு வகை, அதில் குறுக்குக் கோடு இருக்கும். ஆன்லைனில் 'ஸ்கோப்' என்று மட்டும் தேடினால் இரண்டும் கலந்து வரும், பார்த்து வாங்குங்கள்.

இதைக்கொண்டு இரவில் நிலாவைப் பார்க்கலாம், பள்ளங்கள் நன்றாகத் தெரியும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

"எவ்வளவு தூரம்ணே தெரியும்?"

தூரத்துக்கு ஒரு எல்லை சொல்ல முடியாது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விவரம் தெரியும் என்று கேட்டால் சொல்லலாம். 20 மடங்கில் வைத்து 400 மீட்டர் தள்ளி நிற்கும் பறவையைப் பார்த்தால், அது 20 மீட்டரில் நிற்கும்போது வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரியுமோ ஏறக்குறைய அப்படித் தெரியும். கணக்கு அவ்வளவுதான்.

வடுவூர் ஏரி 112 ஹெக்டேர். வாத்துக் கூட்டம் பெரும்பாலும் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்குத் தண்ணீரில் மிளகு தூவியதுபோல் இருக்கும். ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அந்த மிளகு ஒவ்வொன்றும் ஒரு பறவையாகப் பிரியும். சாக்லேட் நிறத் தலையும் கழுத்தின் பக்கவாட்டில் ஏறும் வெள்ளைக் கோடும் இருந்தால் ஊசிவால் வாத்து. கரண்டி மாதிரி அகன்ற அலகைத் தண்ணீரில் வைத்து அரித்துக்கொண்டே போவது தட்டைவாயன். புருவத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் நீலச்சிறகு வாத்தின் ஆண்.

"20-60×80னு பெட்டி மேல போட்டிருக்கே, அப்படின்னா?"

முதல் இரண்டு எண்கள் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதைச் சொல்கின்றன. வளையத்தைத் திருப்பினால் 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை போகும். கடைசி எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய கண்ணாடி அதிக வெளிச்சத்தை உள்ளே வாங்கும். 80 மி.மீ. கண்ணாடியின் பரப்பு 60 மி.மீ. கண்ணாடியைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு. விடியலிலும் அந்தியிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

"அப்போ 60 மடங்கு, 75 மடங்கு இருக்குறதுதானே நல்லது?"

காசை அதிகம் வீணாக்குவது இந்த எண்ணம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வெளிச்சம். கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், ஐபீஸிலிருந்து (நாம் கண் வைத்துப் பார்க்கும் பக்கத்துக் கண்ணாடி) உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு என்றால் 4 மி.மீ. அதையே 60 மடங்குக்குக் கொண்டுபோனால் 1.3 மி.மீ. ஸ்கோப்பைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்து ஐபீஸைப் பாருங்கள், நடுவில் சின்ன ஒளிப்பொட்டு தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப அது சுருங்கும். அது சுருங்கினால் படம் மங்கும், கண்ணை இம்மி நகர்த்தினாலும் படம் கறுத்துவிடும்.

அடுத்தது கானல். நம் காவிரி டெல்டாவில் 60 மடங்கைப் பெரும்பாலும் பயனற்றதாக்குவது இதுதான். கோடியக்கரை உப்பளத்தில் காலை 7 மணிக்கு 40 மடங்கு வைத்துப் பூநாரையின் அலகைப் பார்க்கலாம். இளஞ்சிவப்பு அலகும் கறுத்த நுனியும் என்றால் பெரும் பூநாரை. அலகு முழுவதும் கருஞ்சிவப்பாக, தூரத்தில் கறுப்பாகவே தெரிந்தால் சிறு பூநாரை. அதே இடத்தில் பத்தரை மணிக்கு 25 மடங்கிலேயே அதன் கால்கள் தண்ணீரில் விழுந்த நிழல்போல் நெளியும். சூடேறிய பாத்திமேல் காற்று கொதிக்கிறது, அதை எந்தக் கண்ணாடியாலும் நேராக்க முடியாது. மடங்கைக் கூட்டினால் நெளிவும் கூடத்தான் செய்யும். 'ஸ்கோப் சரியில்லை' என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சோதித்துப் பார்த்த நேரம் மத்தியானம்.

ஆகவே 20 முதல் 40 மடங்கு வரை பளிச்சென்று காட்டுகிற ஸ்கோப்பை வாங்குங்கள். சூரியன் ஏறும் முன் பாருங்கள். மழை விட்ட மேகமூட்டமான நாள் அமைந்தால் அதை விடாதீர்கள். பார்வைக் கோபுரம் இருந்தால் மேலே ஏறிவிடுங்கள், தரையை ஒட்டிய சூடான காற்றைக் கொஞ்சம் தவிர்க்கலாம்.

"என்கிட்ட பைனாகுலர் இருக்கு. இதுவும் வேணுமா?"

பைனாகுலர் இல்லாமல் ஸ்கோப் மட்டும் வாங்காதீர்கள். 8×42 அல்லது 10×42 பைனாகுலர்தான் முதலில். பறவையைத் தேடிப் பிடிப்பது அதில், நின்று படிப்பது ஸ்கோப்பில். உதயமார்த்தாண்டபுரம் மாதிரி 44 ஹெக்டேர் இடத்தில், நத்தைகுத்தி நாரையும் வக்காவும் மரத்திலேயே கூடு கட்டியிருக்கும்போது, பைனாகுலரே போதும். கரைவெட்டியைப்போல் 450 ஹெக்டேருக்கு மேல் விரிந்த ஏரியில் வரித்தலை வாத்து இறங்கியிருக்கிறதா என்று தேடும்போதுதான் ஸ்கோப்பின் அருமை தெரியும்.

"யூடியூப்ல அமெரிக்க வேட்டைக்காரங்கதான் இதைப் பத்திப் பேசுறாங்க. அவங்க சொல்றதையே வாங்கலாமா?"

அவர்களுடைய சோதனைகள் உபயோகமானவைதான். ஆனால் அவர்கள் தேவை என்ன என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். அங்கே மலைச்சரிவில் உட்கார்ந்து, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் எல்க் மானின் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுகிறார்கள். சுடத் தகுந்ததா என்று தெரியாமல் அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டாமே என்பதற்காகத்தான் ஸ்கோப். குளிர்ந்த, வறண்ட மலைக்காற்று. விலங்கு பெரியது, பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று மேய்கிறது. முதுகில் சுமந்து ஏற வேண்டியிருப்பதால் எடை அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினை.

நமக்குக் காற்று ஈரமும் உப்புமாக இருக்கிறது. பறவை கைப்பிடி அளவு, ஓடிக்கொண்டே இருக்கும், எழுந்தால் ஐநூறும் சேர்ந்தே எழும். வண்டியை நிறுத்திக் கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும் என்பதால் அரை கிலோ கூடினாலும் குறைந்தாலும் பெரிதில்லை. அதனால் அவர்கள் சொல்வதில் கண்ணாடியின் தெளிவு, நீர்புகாத தன்மை, ஃபோகஸ் வளையத்தின் மென்மை பற்றிய பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எடைக்காகவும் பெரிய மடங்குக்காகவும் கூடுதல் பணம் கொடுக்கச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

"நம்ம ஊர்ல வேட்டைக்கு இதை வச்சுக்கலாமா?"

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலிருந்து இருக்கிறது. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டை எடுப்பது எல்லாமே அதில் வேட்டைதான். மடையானும் கொக்கும் 'எப்போதும் பிடிக்கிறதுதானே' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதை நான் ரோட்டோரத்தில் பார்த்திருக்கிறேன், அது மனதை விட்டுப் போகவில்லை. அப்படிப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஸ்கோப் வைத்திருக்க லைசென்ஸ் எதுவும் வேண்டாம். பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஸ்கோப்போடு வருகிறவர்களை இரு கை நீட்டி வரவேற்பார்கள்.

"50, 65, 80ன்னு மூணு சைஸ் இருக்கே. எதை எடுக்கட்டும்?"

டூவீலரில் போகிறவர், வயதானவர், அடிக்கடி பஸ்ஸில் போகிறவர்: 65. காரில் போகிறவர், விடியலில் ஏரிக்கு வந்துவிடுகிறவர்: 80. 80 மி.மீ. ஸ்கோப் ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோவரை இருக்கும், அதற்கேற்ற ட்ரைபாடும் சேர்ந்தால் நான்கைந்து கிலோ. 50 மி.மீ. கைப்பைக்குள் அடங்கும், நல்ல வெயிலில் அருமையாகவே காட்டும், மங்கிய நேரத்தில்தான் தடுமாறும். என் ஓட்டு 65-க்கு. வீட்டிலேயே கிடக்கிற 80-ஐவிட வாராவாரம் வெளியே வரும் 65 எவ்வளவோ மேல்.

"நேரா இருக்குறதா, வளைஞ்சு இருக்குறதா?"

ஐபீஸ் 45 டிகிரி சாய்ந்த மாடலையே எடுங்கள். குனிந்து பார்க்கலாம், ட்ரைபாடைத் தாழ்வாக வைக்கலாம் (காற்றில் ஆடாது), உயரமானவரும் எட்டு வயதுப் பிள்ளையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். முதல் இரண்டு வாரம் பறவையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருக்கும், பிறகு கை பழகிவிடும். காருக்குள் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு மட்டும் நேரானது வசதி.

"இ.டி., பேக்-4, எஃப்.எம்.சி.ன்னு ஏதேதோ போட்டிருக்கு. எதுக்கு நம்பிக் காசு கொடுக்கறது?"

இ.டி. என்பது நிறப்பிசிறைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி. சாதாரண ஸ்கோப்பில் வெள்ளைக் கொக்கைப் பார்த்தால் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ மெல்லிய கோடாகத் தெரியும். மடங்கு கூடக்கூட அது பரவும். இ.டி. இருந்தால் அது பெருமளவு அடங்கும், 40 மடங்குக்கு மேலும் படம் தாக்குப்பிடிக்கும். காசு இருந்தால் இதற்குக் கொடுக்கலாம். ஆனால் 'எச்.டி.' என்று மட்டும் போட்டிருந்தால் அது இ.டி. கண்ணாடிதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது, உள்ளே விவரத்தைப் படியுங்கள்.

பேக்-4 முப்பட்டகத்தின் கண்ணாடி வகை, இப்போது ஓரளவு நல்ல எல்லா ஸ்கோப்பிலும் உண்டு. எஃப்.எம்.சி. என்றால் எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு, இது கட்டாயம் இருக்க வேண்டும். இவற்றோடு நான் கறாராகக் கேட்பது நீர்புகாமல் அடைத்து நைட்ரஜன் நிரப்பியதா என்பது. ஏன் என்று பூஞ்சையைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"சரி, கையில இவ்வளவுதான் இருக்கு. பேரைச் சொல்லுங்க."

விலை மாதாமாதம் மாறுவதால் தோராயமாகச் சொல்கிறேன். பத்தாயிரத்தை ஒட்டித்தான் முடியும் என்றால் ஸ்வ்போனி எஸ்.வி.28 வகையைப் பாருங்கள். 20-30 மடங்கு வரை மனநிறைவாக இருக்கும், அதற்கு மேல் போகாதீர்கள். கொஞ்சம் கூடுதலாக முடிந்தால் செலஸ்ட்ரான் அல்டிமா வரிசை. 65-இல் 18-55 மடங்கு, 80-இல் 20-60 மடங்கு. இ.டி. கிடையாது, ஆனால் உழைக்கும். டெல்டாவில் முதல் ஸ்கோப் வாங்குகிறவருக்கு நான் பெரும்பாலும் சொல்வது அல்டிமா 65.

அதற்கும் மேலே போக முடிந்தால் வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்.டி. 16-48×65. 16 மடங்கிலிருந்து தொடங்குவதால் பார்வைப் பரப்பு அகலம், பறவையைப் பிடிப்பது எளிது. எடைதான் முக்கியம் என்பவருக்குக் கோவா டி.எஸ்.என்.-501 இருக்கிறது. 20-40×50, வெறும் 400 கிராம். லட்சங்களில் விற்கும் ஸ்வரோவ்ஸ்கியில் ஒருமுறை பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் பார்த்துவிடுங்கள், எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துகொள்ளலாம். அது இல்லாமலும் இந்த ஏரிகளை நிறைவாகப் பார்க்க முடியும். எதை வாங்கினாலும் இந்தியாவில் வாரண்டி யார் தருவார், பழுது பார்க்க எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

"ட்ரைபாட் வீட்டுல ஒண்ணு கிடக்கு. அது போதும்ல?"

போன் வைத்து வீடியோ எடுக்கும் ட்ரைபாட் என்றால் போதாது. என் முதல் ஸ்கோப்புக்கு நானும் அப்படி ஒன்றைத்தான் வைத்தேன், விலை ஆயிரத்துக்கும் கீழே. உப்பளத்து வரப்பில் வாடைக்காற்று அடித்தது. 30 மடங்கில் படம் நிற்கவே இல்லை, ஃபோகஸ் வளையத்தைத் தொட்டாலே பறவை வட்டத்தைவிட்டு ஓடியது. அடுத்த வாரம் அதே வரப்பில் காற்று அதைச் சாய்த்துவிட்டது. ஸ்கோப்பின் முன்பக்க விளிம்பு நசுங்கியது, கண்ணாடி தப்பியது தெய்வாதீனம்.

மொத்தப் பட்ஜெட்டில் நாலில் ஒரு பங்காவது ட்ரைபாடுக்கு ஒதுக்குங்கள். கால்கள் பருமனாக இருக்க வேண்டும். மேலே நீண்ட கைப்பிடி வைத்த வீடியோ ஹெட் வேண்டும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் பந்து ஹெட்டில் ஸ்கோப் மெல்ல மெல்லத் தலை கவிழும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கழித்துப்போடும் பழைய அலுமினிய ட்ரைபாட் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஸ்டுடியோக்களில் விசாரித்தால் கிடைக்கும். கனமாக இருக்கும், நமக்கு அதுதான் வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். காற்று பலமாக இருந்தால் தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டு நடுவில் தொங்கவிடுங்கள்.

"நான் கண்ணாடி போட்டிருக்கேன், கழட்டணுமா?"

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினாலே சரியாகும். கண்ணில் சிலிண்டர் பவர் இருந்தால் கண்ணாடியோடு பார்ப்பது நல்லது. அப்போது ஐபீஸின் ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கி வையுங்கள். வாங்கும் முன் 'ஐ ரிலீஃப்' (ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற அளவு) எத்தனை என்று பாருங்கள், 15 மி.மீ.க்குக் குறைந்தால் கண்ணாடியோடு முழு வட்டமும் தெரியாது. மற்றக் கண்ணை இறுக்கி மூட வேண்டாம். திறந்தபடியே கையால் மறைத்தால் தலைவலி வராது.

"இதுல போனை வச்சு போட்டோ எடுக்கலாமா?"

எடுக்கலாம். போனைப் பிடித்துக்கொள்ளும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. முதலில் ஸ்கோப்பை 20 மடங்கில் வையுங்கள், போனின் முதன்மை லென்ஸை ஐபீஸ் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு நொடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்தெடுப்பது இன்னும் நல்லது. அடையாளம் காண இது தாராளமாகப் போதும். சுவரில் மாட்டும் படம் வேண்டுமென்றால் அதற்குக் கேமராதான்.

"ஆன்லைன்ல 300 மடங்கு, 1,500 ரூபாய்னு வருதே?"

வாங்காதீர்கள். மேலே சொன்ன வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 40 மி.மீ. கண்ணாடியை 300-ஆல் வகுத்தால் 0.13 மி.மீ. அதில் இருட்டைத் தவிர எதுவும் தெரியாது. அந்த 300 அச்சடித்த எண், அவ்வளவுதான். அதோடு வரும் நிலாப் படமும் சிங்கப் படமும் அதில் எடுத்தவை அல்ல. அந்த 1,500-ஐச் சேர்த்து வையுங்கள், நல்ல பைனாகுலருக்கு முன்பணமாகும்.

"செகண்ட் ஹேண்டு வாங்கலாமா? என்ன பார்க்கணும்?"

தயங்காமல் வாங்கலாம், நேரில் பார்த்து வாங்க வேண்டும். முன்பக்கமாக டார்ச் அடித்து ஐபீஸ் வழியாகவும், பிறகு மாற்றியும் பாருங்கள். சிலந்தி வலைபோல, வேர்போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. அதைத் தொடவே வேண்டாம். ஒன்றிரண்டு தூசி, முன்கண்ணாடியில் சின்னக் கீறல் இருந்தால் பாதகமில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அப்புறம் 30 மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாளைக் கட்டிவிட்டுப் படியுங்கள். ஃபோகஸ் சட்டென்று ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி 'இதுவா, அதுவா' என்று தேட வேண்டியிருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. இதைக் காலையில் செய்யுங்கள், ஏன் என்று கானலைப் பற்றிய பதிலில் இருக்கிறது.

"என் பைனாகுலர்ல உள்ள வெள்ளையா படர்ந்துருச்சு. ஸ்கோப்பும் அப்படி ஆகுமா?"

இங்கே கவனமாக இல்லாவிட்டால் ஆகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. கண்ணாடிக்குள் ஈரக்காற்று புகுந்தால் பூஞ்சைக்கு அது போதும், போகப்போகக் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப்பில் உட்புறம் இந்தப் பயம் குறைவு. வெளிப்பரப்பிலும் வளைய இடுக்கிலும் பூஞ்சை வரும்.

அதோடு வந்த துணிப்பையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள், அந்தப் பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். ஆரஞ்சு, பச்சையாக மாறினால் பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தெடுங்கள், மறுபடி ஆரஞ்சாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைப்பது நல்லதல்ல, மாவுத்தூசி வளையத்துக்குள் போகும்.

கோடியக்கரையிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ திரும்பினால் கூடுதலாக ஒரு வேலை. வேதாரண்யம் 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர், அந்தப் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் ட்ரைபாட் கால்களையும் துடையுங்கள். கண்ணாடியில் முதலில் ரப்பர் ஊதி வைத்து ஊதுங்கள், பிறகு லென்ஸ் துணி. ஊதாமல் தேய்த்தால் உப்புத்துகளே கீறிவிடும். சட்டை நுனி, வேட்டி நுனி எதுவும் கிட்டே போகக் கூடாது.

"கோடியக்கரையில இதை வச்சுக்கிட்டு நின்னா போலீஸ் கேட்க மாட்டாங்களா?"

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அடையாள அட்டையைக் கையில் வையுங்கள், வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டு உள்ளே போங்கள், கலங்கரை விளக்கம், படகுத்துறை, பாதுகாப்புக் கட்டடங்கள் பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீர்கள். யாராவது வந்து கேட்டால் "வந்து பாருங்க சார்" என்று இடம் விடுங்கள். பூநாரையை ஒருமுறை பார்த்துவிட்ட காவலர் ஒருவர் அடுத்த முறை கூட்டம் எந்தப் பாத்தியில் இருக்கிறது என்று எனக்கு வழி சொன்னார்.

"ஸ்கோப்ல பார்த்தும் உள்ளான் எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. என் ஸ்கோப் மட்டமா?"

ஸ்கோப் மேல் குறை இல்லை. சேற்றில் இரை தேடும் இந்தக் கரையோரப் பறவைகள் பனிக்காலத்தில் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். இறகின் நிறத்தை விட்டுவிட்டுக் காலையும் அலகையும் பாருங்கள். கால் சிவந்திருந்தால் பவளக்காலி. கால் வெளிர்பச்சை, அலகு லேசாக மேல்நோக்கி என்றால் பச்சைக்காலி. கறுத்த கால், குட்டை அலகு, குருவி அளவுதான் என்றால் கொசு உள்ளான். காலில் சேறு ஒட்டியிருந்தால் நிறம் ஏமாற்றும், அது தண்ணீரில் இறங்கி ஏறும்வரை காத்திருங்கள்.

ஒரு பறவையையே கால் மணி நேரம் பாருங்கள். போன தை மாதம் உப்புப் பாத்தி ஓரத்தில் 30 மடங்கில் ஒரு கொசு உள்ளானைப் பிடித்தேன். தையல் இயந்திர ஊசிபோல அலகு சேற்றில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நொடி நின்று, ஒற்றைக் காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது. தூக்கிய அந்தக் காலில் உலோக வளையம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறது. எண்ணைப் படிக்க முடியவில்லை, தூரம் அதிகம், மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சைபீரியாவின் துந்திரப் பக்கம் முட்டையிட்டு வளர்ந்து, எடை 30 கிராம்கூட இல்லாத உயிர். வளையமோ காலில் மாட்டிய எழுத்துள்ள சிறு கொடியோ கண்ணில் பட்டால், எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து, தேதி, இடம் எல்லாவற்றையும் உடனே குறித்து அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

"ஒருத்தரால முடியலை. நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கலாமா?"

வாங்குங்கள், நல்ல யோசனை. பள்ளிகளுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு பைனாகுலர் நாலு பிள்ளைக்குச் சண்டை, ஒரு ஸ்கோப்பில் வரிசையாக நின்று நாற்பது பிள்ளைகள் பார்க்கலாம். தொடங்கும் முன்பே இரண்டு விஷயத்தைப் பேசி முடியுங்கள்: யார் வீட்டில் இருக்கும் (ஓட்டு வீடா, மாடி வீடா, ஈரம் எப்படி), உடைந்தால் செலவை எப்படிப் பிரிப்பது. டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். யார் எடுத்தார், எப்போது திருப்பினார், சிலிக்கா ஜெல் கடைசியாக எப்போது வறுத்தது என்று அதில் எழுதட்டும். டிசம்பர் கடைசியிலும் பொங்கல் லீவிலும் நாலு பேருக்கும் ஒரே நாளில் வேண்டியிருக்கும், அந்த நாட்களுக்கு மட்டும் சேர்ந்தே போய்விடுங்கள்.